நாற்பத்தோராம் காடி

ஃபிஜித் தீவின் லவுத்தோக்காவில் மரியாதை எல்லாம் கரும்பாலைக்குத்தான். ஊருக்குள் வரும் ரயில் அதற்காக வருகிறது, ஊதும் சங்கு அதற்காக ஊதுகிறது, காயப் போட்ட துணிமேல் விழும் கரியும் அதனுடையது. துறைமுகத்துக்குப் பின்னால், எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் மின்சாரம் எடுக்கும் கேஸ் டர்பைன் ஒன்று இருந்தது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலைமேல் அணையில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அதற்கு வேலை இல்லை. வருடத்தில் பத்து நாள் ஓடும். ஓடினால் துறைமுகத் தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். அவ்வளவுதான் அதன் பெருமை.

1987-இல் மே மாதம் ஒருமுறை, செப்டம்பரில் இன்னொருமுறை, இந்திய வம்சத்தார் கையில் அதிகாரம் இருக்கக் கூடாது என்று பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. நடுவில் மழையும் போய்விட்டது. எதனால் எது என்று லோவுப் பக்கத்துக் கரும்புக்காரர்களைக் கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தார்கள். சத்தமாகச் சொல்லத்தான் ஆள் இல்லை. அணை வற்றியது. வேலையில்லாமல் படுத்துக் கிடந்த இயந்திரம் தினமும் இரண்டு தடவை எழுந்து ஓட வேண்டியதாயிற்று. விடிகாலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை. ஆஸ்பத்திரி, ஆலை, தண்ணீர் பம்பு எல்லாம் அதன் தலையில் விழுந்தது.

அந்த இயந்திரத்தின் உடம்பு தெரிந்த ஒரே ஆள் சதேந்திரா. லோவுக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை. ஸ்காலர்ஷிப்பில் இங்கிலாந்து போய், டர்பைன் செய்கிற கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். அப்பாவின் சாவுக்கு வந்தவன் இங்கேயே நின்றுவிட்டான். உத்தியோகப் பெயர் சீனியர் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் இஞ்சினியர். சுற்றுகிற உலோகம் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எத்தனை தடவை சூடாகி ஆறினால் அலுத்துப்போகும், எந்த மூலையில் முதலில் விரிசல் விடும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஊரில் இதை யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது? மனசு சரியில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, பட்டாளம் வந்த பிறகு தூக்கமே இல்லை என்று இரண்டு பேர் அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவன் மனைவி உர்மிளா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, "டாக்டருக்கே தூக்கம் இல்ல," என்று சொல்லி அனுப்பினாளாம்.

அவள் சொன்னது நிஜம். பிரிஸ்பேனில் ஒரு டர்பைன் கம்பெனி அவனை அதே வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. குடியேறும் விசாவும் வந்துவிட்டது. அவன் பெயரில் விசா, உர்மிளாவும் எட்டு வயது மகள் காஜலும் அவனோடு ஒட்டு. நவம்பர் முப்பதுக்குள் அவன் அங்கே கால் வைக்காவிட்டால் மூன்று பேருக்கும் காலாவதி. கம்பெனியும் அதற்கு மேல் காத்திருக்காது. இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை பக்கத்து ஊர் நந்தியிலிருந்து விமானம். கட்டிலைக் கொடுத்தாயிற்று, தையல் மிஷினைக் கொடுத்தாயிற்று, ஐஸ்பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நான்கு சூட்கேஸும் இரவல் தட்டுகளும் இருந்தன.

ஒரு காகிதம்தான் பாக்கி. வரி அலுவலகத்துச் சீட்டு இல்லாமல் விமானம் ஏற விடமாட்டார்கள். அந்தச் சீட்டுக்கு, வேலை பார்த்த இடத்திலிருந்து இவரை விடுவித்தோம் என்று ஒரு ரிலீஸ் லெட்டர் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் மேனேஜர் இலைசா. பழைய ஆஸ்திரேலிய மேனேஜர் அக்டோபரிலேயே பெட்டியைக் கட்டிவிட்டதால் ஒரே ராத்திரியில் மேனேஜரானவர். ஆறு வருடம் சதேந்திராவோடு ஒரே மேஜையில் டின் மீன் சாப்பிட்டவர். தலைநகர் சுவாவிலிருந்து தினமும் ஒரு கர்னல் போன் போட்டுக் கேட்டார், மிஷின் ஓடுகிறதா என்று. இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று சதேந்திரா எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தால் லெட்டர், இல்லாவிட்டால் இல்லை. இது கர்னலின் பேச்சு.

சும்மா எழுதிக் கொடுத்திருக்கலாம். இலைசாவே சொன்னார். இவன்தான், திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். இரண்டு வாரமாக இயந்திரத்தின் அதிர்வு கொஞ்சம் கூடியிருந்தது. கொஞ்சம்தான். வேறு யாராவது இருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வியாழக்கிழமை இரவு நிறுத்தினார்கள். ஊர் இருட்டில் கிடந்தது. சனிக்கிழமை மதியம்தான் இயந்திரம் கை வைக்கிற சூட்டுக்கு வந்தது. சங்கிலி போட்டு மேல்மூடியைத் தூக்கினார்கள். உள்ளே சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் வரிசையாகக் காடி வெட்டி, அதில் பிளேடுகளைச் செருகியிருக்கும். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று. ஒவ்வொரு பிளேடும் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடத்தான் பார்க்கும், காடிதான் பிடித்துவைத்திருக்கிறது. சந்தேகப்பட்ட சக்கரத்தில் பிளேடுகளைக் கழற்றினார்கள்.

கூட நின்றது கன்னையா. டர்பைன் ஆப்பரேட்டர், ஐம்பத்தேழு வயது, லோவில் சதேந்திராவின் அப்பா நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. கொட்டகையில் தமிழ் பேச இவர்கள் இரண்டு பேர்தான். மற்ற எல்லோருக்கும் இந்தி. சதேந்திரா வீட்டிலும் அப்படித்தான். அன்றாடப் பேச்செல்லாம் இந்தி, காஜலுக்குத் தெரியக்கூடாத விஷயத்துக்குத் தமிழ். அதனாலேயே அந்தப் பெண்ணுக்குத் தமிழ் என்றாலே ஏதோ கெட்ட செய்தி என்று ஆகிவிட்டது.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு முறை உண்டு. உலோகத்தை நன்றாகத் துடைத்து, சிவப்புச் சாயம் ஒன்றைப் பூசி இருபது நிமிடம் விட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே உள்ளதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளையை அதன்மேல் அடித்தால், உள்ளே போன சிவப்பு ஊறி வெளியே வரும். நாற்பது காடிகளில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நாற்பத்தோராம் காடியின் அடி மூலையில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. ஒரு நெல் நீளம்.

சதேந்திரா அதைப் பார்த்தான். கன்னையாவும் பார்த்தார். கதவருகே நின்ற இலைசாவிடம், "வெள்ளை சரியாப் பிடிக்கல, ரொம்ப சூடு. நாளைக்கு மறுபடி பார்க்கறேன்," என்று இந்தியில் சொல்லிவிட்டு, சதேந்திரா கைகூடக் கழுவாமல் கிளம்பினான்.

வீட்டில் உர்மிளா தரையில் உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரோட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கரும்பு எரித்த சாம்பல், மூடினால் புழுக்கம். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் தமிழுக்கு மாறினாள். காஜல் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தது.

"இன்னா ஆச்சு?"

"ஒரு கோடு."

"எங்க?"

"சக்கரத்துல. நாப்பத்தோராம் காடி."

"மொத்தம் எத்தனை?"

"தொண்ணூத்திரெண்டு."

"தொண்ணூத்தியொண்ணு நல்லா இருக்குது இல்ல?"

"ஒண்ணு போதும், உர்மி."

அவள் ரோட்டியைக் கல்லில் போட்டாள். போட்டுவிட்டுத் திருப்ப மறந்துவிட்டாள்.

"யாரு அதத் தொறக்கச் சொன்னா? இலைசா சொன்னாரா, அந்தக் கர்னல் சொன்னாரா?"

"நான்தான் சொன்னேன்."

"நீங்கதான். லண்டன்ல படிச்ச படிப்பு, தொறந்து பாக்காம தூக்கம் வராது. தொறக்காம கையெழுத்துப் போட்டிருந்தா இந்நேரம் லெட்டர் இந்தப் பொட்டியில இருக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சு இன்னா பிரயோஜனம். எவ்வளவு நாள் தாங்கும்? அதச் சொல்லுங்க. அதானே உங்க வேலை."

அதுதான் அவன் வேலை. துறைமுகத்திலிருந்து வீடு வருகிற வரைக்கும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தான். "கோடு மேலோட்டமா இருந்தா முந்நூறு தடவை ஸ்டார்ட் பண்ணலாம். ஆழமா இருந்தா அடுத்த தடவையே விட்டுடும். ஆழம் எவ்வளவுன்னு மேல இருந்து பாத்தா தெரியாது."

"முந்நூறு தடவைன்னா அஞ்சு மாசம். அதுக்குள்ள மழை வந்துடும். அணை நெறைஞ்சுடும். இது மறுபடி படுத்துக்கும்."

வழியில் அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டான், மாதக் கணக்குகூட மாறவில்லை.

"விட்டா இன்னா ஆவும்? நின்னுடுமா?"

"ம். நின்னுடும்," என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இங்க எனக்கு வேலை இல்ல, நான் படிச்சுக்குடுத்த இஸ்கூல்ல பாதி டீச்சருங்க போயாச்சு. ரோட்டுல போனா இவளக் கையப் புடிச்சுக்கிட்டுப் போறேன், எட்டு வயசுப் பொண்ண. புதன்கெழமை, புதன்கெழமைன்னு சொல்லிச் சொல்லித்தான் இவளத் தூங்கவைக்கறேன்." ரோட்டி கருகுகிற வாசனை வந்தது. அவள் அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "நீங்க சரியாத் தொடைச்சிருக்க மாட்டீங்க. நாளைக்கு நல்லாத் தொடைச்சுப் பாருங்க."

"பாக்கறேன்."

"நல்லாத் தொடைங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அன்று யாரும் வேலை செய்யக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்த நேரம். மின்சார ஆட்களுக்கு மட்டும் பாஸ் கொடுத்திருந்தார்கள். பாஸ் இருந்து என்ன, பஸ் இல்லையே. கன்னையா லோவிலிருந்து கரும்பு ரயில் தண்டவாளத்தின்மேலேயே நடந்து, ஏழு மணிக்கெல்லாம் சதேந்திரா வீட்டு அடுக்களைக் கதவுக்கு வந்துவிட்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. சதேந்திரா குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தான். வெளியே உர்மிளாவும் அவரும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு சூட்கேஸின் பூட்டு திறக்கும் சத்தமும், மறுபடி மூடும் சத்தமும் கேட்டன. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கன்னையா போய்விட்டிருந்தார்.

"இன்னாவாம்?"

"டீ குடிச்சாரு. முன்னாடி போறேன்னுட்டுப் போனாரு," என்றாள் உர்மிளா. அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

துறைமுகத் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வாசலில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் பாஸை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். இலைசா கொட்டகை வாசலிலேயே காத்திருந்தார். தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றிய சுலு, கையில் ஒரு காகிதம்.

"லெட்டர் டைப் பண்ணியாச்சு, சதேன்," என்றார். மேற்குப் பக்கத்து ஃபிஜிக்காரர்களின் அழகான இந்தி அவருக்கு. "தேதி போட்டாச்சு, முத்திரை குத்தியாச்சு. நீ உன் காகிதத்துல போடு, நான் இதுல போடறேன். நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணணும்னு சுவாவில சொல்லிட்டாங்க. இந்த நாற்காலியை நான் கேட்டு வாங்கலை, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ போறது எனக்குப் பிடிக்கலை. ஆனா உன்னைப் பிடிச்சுவெச்சவன் நான்னு இருக்க வேண்டாம்."

உள்ளே கற்பூர வாசனை அடித்தது. இயந்திரத்தின் காலடியில் ஒரு தேங்காய் உடைந்து கிடந்தது. மூடியைத் திறந்தால் தேங்காய் உடைப்பது கன்னையாவின் பழக்கம், அதில் புதுமை இல்லை. ஆனால் சக்கரத்தின் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்குக் குங்குமம் அப்பியிருந்தது. முப்பத்தெட்டாம் காடியிலிருந்து நாற்பத்துநான்காம் காடி வரைக்கும். உள்ளே, மேலே, சக்கரத்தின் பக்கவாட்டு முகத்தில், எங்கும்.

"பூஜை போட்டது, பாஸ்," என்று கன்னையா இலைசாவிடம் இந்தியில் சொன்னார். "நேத்து வெச்சேன். இஞ்சினியர் அதைப் பாத்துட்டு விரிசல்னு பயந்துட்டாரு போல இருக்குது."

நேற்றே சதேந்திராவின் முகத்தைப் பார்த்து ஏதோ ஊகித்திருந்த இலைசாவின் முகம் மலர்ந்தது. "இந்தச் சிவப்பா நீ பார்த்தது?"

சதேந்திரா குனிந்தான். கடைக் குங்குமம் ஆரஞ்சு அடிக்கும். இது அப்படி இல்லை. கறுத்த சிவப்பு, சந்தன வாசனை. நந்தியில் உர்மிளாவின் அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்து வீட்டிலேயே இடித்துக் கொடுப்பது. பத்து வருடமாகத் தினமும் காலையில் எதிரே பார்க்கிற சிவப்பு அது. சூட்கேஸ் பூட்டின் சத்தம் இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"அண்ணே, இத எப்ப வெச்ச?" என்று தமிழில் கேட்டான். இலைசாவுக்குத் தமிழ் வராது.

"நேத்து."

"நேத்து நான் இங்கதான் இருந்தேன்."

"நீ டீ குடிக்கப் போனியே, அப்ப."

"இது என் வூட்டுக் குங்குமம்."

கன்னையா தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இலைசாவைப் பார்த்து லேசாகச் சிரித்துவைத்துக்கொண்டே தமிழில் பேசினார்.

"சரி, காலையில வாங்கினேன். நான்தான் கேட்டேன், அதுகிட்டக் கோவிச்சுக்காத. இப்ப நான் சொல்றதக் கேளு. குங்குமம்னு சொல்லு, தொடை, கையெழுத்தப் போடு, புதன்கெழமை ப்ளேன் ஏறு. நீ ஏறின மறுநாளே நான், மிஷின்ல சத்தம் வருதுன்னு நிறுத்திடறேன். நாலு நாளு, எட்டு ஸ்டார்ட்டு. எட்டுத் தாங்காதா?"

"தாங்கும்னு யாரு சொன்னா?"

"தாங்காதுன்னு நீ சொன்னியா?"

சதேந்திரா நிமிர்ந்தான்.

"ஓடும்போது நீ எங்க நிப்ப?"

"எப்பவும் நிக்கிற எடத்துலதான்."

அந்த இடம் இருவருக்கும் தெரியும். கைப்பிடிகளும் அளவு காட்டும் கடிகாரங்களும் உள்ள பலகை இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தது. சக்கரத்துக்கு நேர் எதிரே எட்டடி. காடி விட்டால் சக்கரம் நின்றுபோகாது. பிளேடுகளோடு விளிம்பு பிய்ந்து, மேல்மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த வழியில்தான் கன்னையா இருபது வருடமாக நின்றுகொண்டிருந்தார்.

"உர்மிளாகிட்ட இன்னா சொன்ன?"

"அது கேட்டுது. 'உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே மாமா'ன்னு கேட்டுது. தனி ரூம்ல இருப்பேன், ஆவாதுன்னேன். அப்புறந்தான் பொட்டியத் தொறந்துது." கன்னையா சிரிப்பை விட்டுவிட்டார். "என் பொண்ணு வான்கூவர்ல, பையன் ஆக்லாந்துல. எனக்கு லீஸ் முடியப் போற நெலம், ஒரு மாடு. எங்கயும் போவ வழி இல்ல, போவவும் மாட்டேன். மாட்டிக்கிட்டவன் ஒருத்தன் போதும் தம்பி. ரெண்டு பேரு எதுக்கு?"

"என்ன பேச்சு இவ்வளவு நேரம்?" என்றார் இலைசா. "குங்குமமா இல்லையா?"

"துடைச்சுப் பார்த்தாத் தெரியும்," என்று சதேந்திரா இந்தியில் சொன்னான்.

துணியைத் துடைக்கிற மருந்தில் நனைத்துத் துடைத்தான். ஒன்று, இரண்டு, ஐந்து துணிகள். ஒவ்வொன்றும் உர்மிளாவின் சிவப்பில் வந்தது. ஏழாவது துணி வெள்ளையாக வந்தது. சக்கரம் பளபளவென்று இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இலைசா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல யாருக்கும் தெரியாது.

அவன் சிவப்புச் சாயத்தின் டப்பாவை எடுத்தான். கன்னையா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் தம்பி. தொடைச்சாச்சு. சுத்தமா இருக்குது. வுட்டுடு."

பிடி பலமாக இருந்தது. சதேந்திரா கையை இழுக்கவில்லை, அப்படியே நின்றான். பலகையின் முன்னால் தரையில் சிமெண்டு தேய்ந்து இரண்டு பாத அளவுக்கு வழுவழுப்பாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "கைய விடு அண்ணே," என்றான். கன்னையா விட்டார்.

குங்குமம் பட்ட இடத்தில் எல்லாம் சாயத்தைப் பூசினான். சனிக்கிழமை காடிக்குள் மட்டும்தான் பூசியிருந்தான். இன்று பக்கவாட்டு முகத்திலும் குங்குமம் அப்பியிருந்ததால் அங்கும் பூச வேண்டியிருந்தது. இருபது நிமிடம் காத்திருந்தார்கள். இலைசா வாசலில் போய் நின்று கடலைப் பார்த்தார். கன்னையா உடைந்த தேங்காயைப் பொறுக்கித் துணியில் கட்டினார். பிறகு துடைத்து, வெள்ளையை அடித்தான் சதேந்திரா. அடித்துவிட்டுச் சாமி கும்பிட்டான். சின்ன வயதுக்குப் பிறகு அவன் கும்பிட்டது அப்போதுதான். வரக் கூடாது என்று கும்பிட்டான்.

முதலில் ஒரு புள்ளி. புள்ளி நீண்டது. நேற்றைய நெல் நேற்றைய இடத்திலேயே வந்து படுத்துக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. பக்கவாட்டு முகத்தில், யாரும் பார்க்காத இடத்தில், இன்னொரு கோடு ஊறி வந்தது. ஒரு விரல் நீளம். காடியின் மூலையிலிருந்து அடுத்த காடியை நோக்கி வளைந்து போனது. இரண்டும் ஒரே விரிசல்தான், இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்திருந்தது. இனிக் கணக்குப் போட வேண்டிய அவசியம் இல்லை. எட்டு ஸ்டார்ட் இல்லை, ஒன்றுகூட இல்லை.

கன்னையாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் இரண்டாவது கோட்டைப் பார்த்ததும் அவர் தன் பலகையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தேங்காய் மூட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குக் காலையில," என்றார்.

இலைசா வந்து பார்த்தார். அவரும் இயந்திரக்காரர்தான், விளக்கம் தேவைப்படவில்லை. "புதுச் சக்கரம் வர எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"நாலு. இந்த நிலைமையில அனுப்பினா."

"வந்தாப் பொருத்த யார் இருக்கா?"

யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். இலைசா லெட்டரைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, பேனாவோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சுவாவுக்கு நான் பேசறேன். உன்னை வையமாட்டாங்க, என்னைத்தான்," என்றார். சதேந்திராவின் தோளில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

அறிக்கையில் சதேந்திரா மூன்று வரி எழுதினான். இயக்கக் கூடாது என்பது மூன்றாவது வரி. அடியில் கையெழுத்துப் போட்டு, பெயருக்குக் கீழே உத்தியோகத்தையும் எழுதினான், சீனியர் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் இஞ்சினியர் என்று. பிரிஸ்பேன் கம்பெனியின் கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. உர்மிளா வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. இருந்த குங்குமம் முழுவதையும் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

"வந்துதா?" என்று கேட்டாள், தமிழில்.

"வந்துது. ரெண்டு."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவனும் போனான். சூட்கேஸின்மேல் உட்கார்ந்தாள்.

"நல்லாத் தொடைச்சீங்களா?"

"ஏழு துணி."

"நான் குடுத்தது தப்புதான். ஆனா அவரு சொன்னாரு, நின்னுதான் போவும், வேற ஒண்ணும் இல்லன்னு. நீங்களும் அதானே சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"மாமா தனி ரூம்ல இருப்பேன்னாரு."

"அங்க ரூமே கெடையாது, உர்மி. அவரு அதுக்கு எட்டடில நிப்பாரு. நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்றதா இருந்துது."

உர்மிளா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நல்லவள். யாரையும் சாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவள் இல்லை. இதைத் தெருவில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அவளுக்கே அன்றைக்கு அது சந்தேகமாகப் போய்விட்டது. அழவில்லை. அழுதிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காஜல் கதவோரம் வந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தமிழ் புரியாவிட்டாலும் அதற்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். "புதன்கிழமை போகிறோம்தானே?" என்று இந்தியில் கேட்டது. ஆலைச் சங்கு ஊதுகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது ஊதவில்லை.

உர்மிளா எழுந்து ஒரு சூட்கேஸைத் திறந்தாள். அடியிலிருந்து சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்தாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, அவன் வலது கையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்து விரலிலும் சாயத்தின் சிவப்பு ஏறியிருந்தது, நகக்கண்ணில், ரேகையில், எல்லாவற்றிலும். அவள் தேய்த்தாள். வாளித் தண்ணீர் கலங்கியது. மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் எரிந்தது, அவன் கையை எடுக்கவில்லை. கட்டை விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"குங்குமமா இருந்தா இந்நேரம் போயிருக்கும்," என்றாள்.